வருபவருக்கும் கூகுளுக்கும் பிடிக்கும் இணையத்தளம்: கோலாலம்பூர் சிறுவணிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடைகளைக் கூகுளில் தேடிப் பாருங்கள். முகநூல் பக்கம் இருக்கும், வாட்ஸ்அப் எண் இருக்கும், இன்ஸ்டாகிராமில் கண்ணைப் பறிக்கும் படங்கள் இருக்கும். ஆனால் “ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், மாலை ஒரு ஜோடி எவ்வளவு, ஷா ஆலம் வரை கொண்டுவந்து தருவீர்களா?” என்று இரவு பதினொரு மணிக்குத் தேடுகிறவருக்கு எழுத்தில் பதில் சொல்லும் பக்கம் அபூர்வம். சொந்தமாக இணையத்தளம் வைத்திருப்பவர்களிடமும் இதே கதைதான்: முகப்பில் பெரிய படம், அதன்மேல் “தரமே எங்கள் தாரக மந்திரம்”, கீழே தொலைபேசி எண். அவ்வளவுதான்.

தளம் வடிவமைத்துத் தருபவர்கள் பலர், வடிவமைப்புக்கு ஒரு கட்டணம், தேடுபொறி வேலைக்குத் தனிக் கட்டணம் என்று பிரித்து விற்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே வேலை என்பது என் கருத்து. வாடிக்கையாளருக்குப் பதில் வேண்டும். தேடுபொறிக்கு அந்தப் பதில் எழுத்தாக, ஒழுங்காக, வேகமாகத் திறக்கும் பக்கத்தில் வேண்டும். தேடுபொறிக்கு மட்டுமே தேவைப்படும் நுட்ப வேலைகளும் உண்டுதான். ஆனால் அவை கொஞ்சம், கடைசியில் பார்ப்போம்.

வசதிக்காக, பிரிக்பீல்ட்ஸில் கல்யாண மாலை கட்டும் ஒரு கற்பனைக் கடையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது உணவகமோ, தையல் கடையோ, டியூஷன் வகுப்போ, படிகள் அவையேதான்.

முதலில்: கூகுள் என்ன செய்கிறது?

மூன்று வேலைகள். கூகுள்பாட் என்னும் நிரல் ஒரு சுட்டியிலிருந்து (லிங்க்) இன்னொன்றுக்குத் தாவிப் பக்கங்களைப் படிக்கிறது. படித்ததைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது தேடும்போது, அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்கு வேறு எந்தப் பக்கங்கள் சுட்டி தருகின்றன என்பதுதான் வரிசைக்குப் பெரிய அடிப்படை. இப்போது எத்தனையோ சமிக்ஞைகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் முதல் வாசலையே தாண்டாத பக்கம் மூன்றாவதற்குப் போகாது. படிக்க முடியாத பக்கத்துக்கு வரிசையில் இடமே கிடையாது.

இன்னொன்று: கூகுள் உங்கள் தளத்தின் கைப்பேசி வடிவத்தைத்தான் படிக்கிறது. 2016இல் அறிவித்த இந்த மாற்றத்தை 2023இல் முடித்துவிட்டதாக அதுவே சொல்லிவிட்டது. ஆகவே வடிவமைப்பாளர் மடிக்கணினியில் திறந்து காட்டினால், “சரி, இதை என் போனில் திறந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். போனில் இடம் போதவில்லை என்று விலைப்பட்டியலை நீக்கியிருந்தால், கூகுளைப் பொறுத்தவரை உங்களிடம் விலைப்பட்டியலே இல்லை.

படி 1: கேள்விகளைத் திரட்டுங்கள்

நிறம், எழுத்துரு, லோகோ எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். கடை வாட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த சில மாதங்களில் வந்த செய்திகளை மேலிருந்து கீழே படியுங்கள். வாடிக்கையாளர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட வார்த்தைகளிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். மாலைக் கடைக்கு அநேகமாக இவை வரும்: ஜோடி மாலை என்ன விலை? எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும்? ரோஜா மட்டும் போதுமா, சம்பங்கி கலந்து தருவீர்களா? பொண்ணு புடவை நிறத்துக்கு ஏற்றபடி கட்ட முடியுமா? காலை ஆறு மணி முகூர்த்தம், மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு வரும்? முன்பணம் எவ்வளவு? கார் எங்கே நிறுத்துவது?

அப்புறம் கூகுளில் உங்கள் தொழிலின் பெயரை மெதுவாகத் தட்டச்சு செய்யுங்கள். கீழே தானாக விரியும் பரிந்துரைகள் பிறர் உண்மையில் தேடுபவை. முடிவுப் பக்கத்தில் “மக்கள் இவற்றையும் கேட்கிறார்கள்” என்று வரும் பகுதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் இதைச் செய்யுங்கள்.

இந்தத் தாள்தான் உங்கள் தளத்தின் வரைபடம். “பிரீமியம் ஃபுளோரல் சொல்யூஷன்ஸ்” போன்ற சொற்றொடர் அதில் எங்கும் இருக்காது. யாரும் அப்படித் தேடுவதில்லை.

படி 2: பக்கங்களைப் பிரியுங்கள்

ஒரே வகைக் கேள்விகளை ஒன்றாக்கி, ஒரு குவியலுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். மாலைகள், மணமேடை அலங்காரம், கார் அலங்காரம், விலையும் முன்பதிவும், எந்தெந்த ஊருக்குக் கொண்டுவந்து தருகிறோம், கடைக்கு வரும் வழி. ஆறேழு பக்கங்கள் போதும். எல்லாவற்றையும் முகப்பிலேயே அடுக்கி நீளமாக இழுக்கும் ஒருபக்கத் தளங்கள் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் “கார் அலங்காரம்” தேடுகிறவருக்குக் கூகுள் அதற்கென்றே உள்ள பக்கத்தைக் காட்ட விரும்பும்; உங்களிடம் அது இருக்காது.

நேர்மாறான தவறும் உண்டு. கிள்ளானுக்கு ஒரு பக்கம், காஜாங்குக்கு ஒரு பக்கம், செந்தூலுக்கு ஒரு பக்கம் என ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே வாசகத்தை ஒட்டுவார்கள். இது கூகுளின் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட உத்தி. ஊர், கட்டணம், நேரம் மூன்றையும் ஓர் அட்டவணையில் போட்டு ஒரே பக்கமாக வையுங்கள். வருபவருக்கும் அதுதான் சுலபம்.

பண்டிகைப் பக்கங்களின் முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். தீபாவளிச் சிறப்பு விலைக்கு ஒரே நிரந்தர முகவரி இருக்கட்டும். உள்ளே இருப்பதை மட்டும் ஆண்டுதோறும் மாற்றுங்கள். பண்டிகை முடிந்ததும் பக்கத்தை அழித்துவிட்டால், அது சேர்த்த சுட்டிகளும் மதிப்பும் அதோடு போய்விடும்.

முகவரிப் பெயர் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவின் ‘.மை’ பெயர்களை மைநிக் நிர்வகிக்கிறது. அதன் விற்பனையாளர்கள் வழியாக வாங்கலாம். ‘.காம்’ எடுத்தாலும் குறையில்லை. எதுவானாலும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். வடிவமைப்பாளர் தன் பெயரில் பதிந்துவிட்டு, பின்னால் மனஸ்தாபம் வந்தபோது கடைக்காரர் தன் முகவரியையே இழந்த கதைகளை நம் ஊரில் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

படி 3: மொழிகளைத் தனித்தனியே வையுங்கள்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் கடைக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வாடிக்கையாளர் வருவார்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுங்கள். ஒரே முகவரியில் பொத்தானை அழுத்தினால் எழுத்து மாறும் ஏற்பாடு வருபவருக்குப் புரியும். கூகுளின் கண்ணில் படுவது அதில் ஒரு மொழி மட்டும்தான். மூன்று பக்கங்களும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்பதை ‘ஹெச்ரெஃப்லாங்’ என்னும் குறி சொல்லும். ஒவ்வொரு பக்கமும் மற்ற இரண்டையும் தன்னையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டி, மற்றது திரும்பச் சுட்டவில்லை என்றால் கூகுள் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம்.

வருபவரின் நாட்டைப் பார்த்து மொழியைத் தானாக மாற்றும் நிரல் வேண்டாம். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்து வருகிறது. அதை ஆங்கிலப் பக்கத்துக்கே திருப்பிவிட்டால் உங்கள் தமிழ்ப் பக்கத்தை அது பார்க்காமலே போகும்.

மூன்றையும் நன்றாக எழுத ஆள் இல்லையா? ஒன்றை உருப்படியாக எழுதுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை யாரும் படித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றிய தமிழ்ப் பக்கத்தைப் பார்த்ததும், இந்தக் கடைக்குத் தமிழே தெரியாதோ என்றுதான் தோன்றும்.

படி 4: எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் கனமானது. இதைத்தான் எல்லோரும் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘டைட்டில்’ வேண்டும், ஒன்றுபோல் மற்றொன்று இருக்கக் கூடாது. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இதுதான். என்ன, எங்கே, யார் என்ற வரிசை நன்றாக வேலை செய்யும்: “கல்யாண மாலை விலையும் முன்பதிவும், பிரிக்பீல்ட்ஸ்” என்று எழுதி அதன்பின் கடைப்பெயர். “முகப்பு” என்று மட்டும் இருந்தால் அது வீணான இடம். நீளமாக எழுதினால் கைப்பேசியில் வெட்டுப்படும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, ஆகவே முக்கியமானதை முன்னால் வையுங்கள். அதன்கீழ் வரும் சுருக்கக் குறிப்பு வரிசையை உயர்த்தாது, ஆனால் ஒருவர் அழுத்துவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். “கீவேர்ட்ஸ்” குறியில் ஐம்பது சொற்களை அடைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

பக்கத்துக்குள் ஒரு முதன்மைத் தலைப்பு, கீழே துணைத் தலைப்புகள். துணைத் தலைப்புகளுக்கு உங்கள் தாளில் எழுதிய கேள்விகளையே பயன்படுத்தலாம். பதிலை முதல் வரியிலேயே சொல்லுங்கள். விளக்கம் பிறகு வரட்டும்.

இனி விலை. “விலைக்கு பிஎம் செய்யவும்” என்ற வழக்கம் முகநூலில் எப்படியோ வேரூன்றிவிட்டது. போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயம் புரிகிறது. ஆனால் அவர் யாரையாவது விட்டு வாட்ஸ்அப்பில் கேட்டு ஏற்கெனவே தெரிந்துகொண்டிருப்பார். விலை தெரியாமல் தவிப்பது வாங்க வந்தவர் மட்டும்தான். துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டால், இத்தனை வெள்ளியிலிருந்து இத்தனை வெள்ளி வரை, எதனால் கூடும் குறையும் என்று எழுதுங்கள். விலை எழுதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு அழைப்பவர் பேரம் பேச வருபவராக இருக்க மாட்டார், நாள் குறிக்க வருபவராக இருப்பார்.

பக்கம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? கூகுள் எந்தச் சொற்கணக்கையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் தரத்தை மதிப்பிடும் தன் வழிகாட்டு ஆவணத்தில் 2022 டிசம்பரில் ‘நேரடி அனுபவம்’ என்பதையும் சேர்த்தது. செய்து பார்த்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் பக்கத்தில் இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். முகூர்த்தம் வரை மாலை வாடாமல் எப்படி வைப்பது, மழைக்காலத்தில் எந்தப் பூ வரத்து குறையும், கனமான ரோஜா மாலை உயரம் குறைவான மணப்பெண்ணுக்கு ஏன் சரிவராது என்பதையெல்லாம் கட்டுகிறவர்தான் எழுத முடியும். அவருக்கு எழுத வராது என்றால் பேசச் சொல்லிப் பதிவுசெய்து, நீங்கள் எழுதுங்கள்.

படி 5: படத்துக்குள் எழுத்தைப் புதைக்காதீர்கள்

நம் கடைகளின் மிகப்பெரிய பலவீனம் இதுதான். சுவரொட்டி ஒன்றை வடிவமைத்து, அதில் விலை, நேரம், முகவரி எல்லாவற்றையும் எழுதி, அந்தப் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் படிக்காது. கைப்பேசியில் பெரிதாக்கினால் மங்கும். எண்ணைத் தொட்டால் அழைப்பும் போகாது. சுவரொட்டி வாட்ஸ்அப்புக்கு இருக்கட்டும். தளத்தில் அதே செய்தி எழுத்தாக இருக்கட்டும்.

எழுத்து என்றால் யூனிகோட் எழுத்து. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வாசகத்தை ஒட்டினால், திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். அந்த எழுத்துருவைச் சேர்த்துத் தமிழாகக் காட்டினாலும் கூகுள் படிப்பது அந்தச் சிதறலைத்தான். 2001இல் தமிழ் இணைய மாநாட்டையே நடத்திய நகரம் இது; தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களான முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டவர். இங்கிருந்துகொண்டு யூனிகோட் இல்லாமல் தளம் போடுவது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

தமிழ் எழுத்துக்கு வரி உயரம் தாராளமாக வேண்டும். மேலும் கீழும் நீளும் எழுத்துகள் உரசக் கூடாது. எழுத்தளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வைத்துப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் எழுத்துரு இலவசம், தெளிவானது. சாய்வெழுத்து வேண்டாம், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு இல்லை, உலாவி வளைத்துக் காட்டுவது அசிங்கமாக இருக்கும். பொத்தான்களில் சுருக்கமாக எழுதுங்கள். “இப்பொழுதே முன்பதிவு செய்துகொள்ளுங்கள்” போனில் மூன்று வரியாக உடையும், “முன்பதிவு” போதும்.

படங்களைப் பொறுத்தவரை: போனில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். அகலத்தைக் குறைத்து, ‘வெப்-பி’ வடிவத்தில் சேமித்தால் இருநூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படத்துக்கும், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்றுரை எழுதுங்கள். “படம்1” என்று வேண்டாம். “சிவப்பு ரோஜாவும் சம்பங்கியும் கலந்த ஜோடி மாலை” என்று பார்க்காதவருக்கும் புரியும்படி. இணையத்தில் எடுத்த அடுத்தவர் படங்கள் வேண்டாம். உங்கள் கடையில் கட்டிய மாலைகளையே போடுங்கள், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

படி 6: வேகமும் விரல்களும்

கூகுள் மூன்று அளவுகளைப் பார்க்கிறது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதும் 200 மில்லிநொடிக்குள் பக்கம் அசைய வேண்டும். இந்த அளவு 2024 மார்ச்சில்தான் பழைய ஒன்றுக்குப் பதிலாக வந்தது. ஏற்றும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். வருகைகளில் நான்கில் மூன்று பங்காவது இந்த எல்லைக்குள் வர வேண்டும். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் முகவரியைக் கொடுத்தால் இலவசமாகச் சொல்லிவிடும்.

குறைகளுக்குக் காரணம் வழக்கமாக ஒன்றிரண்டுதான். முகப்பில் தானாகச் சுழலும் படத்தொகுப்பை எடுத்துவிடுங்கள்; இரண்டாவது படத்துக்கு யாரும் காத்திருப்பதில்லை. முதல் படத்தைத் தாமதமாக ஏற்றும் அமைப்பில் வைக்காதீர்கள். கீழே உள்ளவற்றுக்கு மட்டும் அது போதும். படத்தின் அகல உயரத்தைக் குறித்துவிட்டால் குதிப்பு நிற்கும். வந்தவுடன் திரையை மூடும் அறிவிப்புப் பெட்டிகளைக் கூகுள் 2017 முதலே தண்டிக்கிறது, மனிதர்கள் அதற்கும் முன்பிருந்தே.

நிறம்: மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து நமக்கு மங்களகரம். ஆனால் சுத்த மஞ்சளில் சுத்தச் சிவப்பின் வேறுபாட்டு விகிதம் 3.7தான், சாதாரண எழுத்துக்கு அணுகுதன்மை விதிகள் கேட்பது 4.5. சிவப்பைக் குங்குமச் சிவப்பாக ஆழப்படுத்தினால் மங்களமும் தங்கும், பாட்டியும் படிப்பார். பொத்தான்கள் 48 பிக்செல் அளவுக்காவது இருக்கட்டும். வாட்ஸ்அப் சுட்டியில் எண்ணை 60 என்று தொடங்குங்கள். கூட்டல் குறியும் அடுத்து வரும் 0-வும் கூடாது, இருந்தால் சுட்டி திறக்காமல் போகலாம்.

பெயர், எண் கேட்கும் படிவம் வைத்தால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அறிவிப்பு தர வேண்டும். மலாய், ஆங்கிலம் இரண்டிலும்.

படி 7: வரைபடத்தில் இடம் பிடியுங்கள்

அருகில் உள்ள கடையைத் தேடுபவருக்கு முதலில் தெரிவது வரைபடம். கடையை அதில் சேர்க்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் வைத்துக் கூகுள் வரிசைப்படுத்துகிறது; தூரத்தை உங்களால் மாற்ற முடியாது, மற்ற இரண்டையும் முடியும். பெயரில் பலகையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள், “மலிவு விலை மாலை” என்றெல்லாம் சேர்த்தால் கணக்கையே முடக்கலாம். தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பொது விடுமுறை நேரங்களை முன்கூட்டியே மாற்றுங்கள். மேல்மாடிக் கடையானால் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று படத்தோடு காட்டுங்கள்.

தளத்தின் “வரும் வழி” பக்கத்தில் கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்து வரும் பாதையையும், காரில் வந்தால் எங்கே நிறுத்துவது என்பதையும் எழுதுங்கள். பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் சொல்லும் கடைக்குத் தனி மரியாதை உண்டு.

கருத்துரை கேட்பதில் தவறில்லை. ஆனால் ஐந்து நட்சத்திரத்துக்குத் தள்ளுபடி தருவது கூகுள் விதிக்கு எதிரானது. குறை சொன்னவருக்கு அமைதியாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிப்பது அவரைவிட அடுத்த வாடிக்கையாளர்தான்.

படி 8: திரைக்குப் பின்னால்

தேடுபொறிக்கு மட்டுமான வேலைகள் இவை; ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். பாதுகாப்பான இணைப்பான ‘எச்டிடிபிஎஸ்’ இருக்கட்டும், லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். பக்கத்தில் எது என்ன என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்கீமா.ஆர்க் குறிகளில் பூக்கடைக்கென்றே ‘ஃபுளோரிஸ்ட்’ வகை இருக்கிறது. முகவரி, நேரம், எண் ஆகியவற்றை அதில் குறிக்கலாம். கேள்வி-பதில் குறிகளைத் தனியாக விற்க வந்தால் வாங்காதீர்கள். அவற்றைக் கூகுள் 2023 ஆகஸ்டிலேயே பெரும்பாலான தளங்களுக்குக் காட்டாமல் குறைத்துவிட்டது.

கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, பக்க முகவரிகளின் பட்டியலான தளவரைபடக் கோப்பைக் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு முக்கியப் பக்கத்தையும் அங்கே சோதியுங்கள். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் தளம் கட்டும் காலத்தில் “தேடுபொறிகள் வர வேண்டாம்” என்று ஒரு பெட்டியில் குறியிடுவார்கள். திறப்புவிழாவுக்குப் பிறகும் அதை எடுக்க மறந்து, தளம் ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் விழிப்பவர்கள் உண்டு. பழைய தளத்தை மாற்றுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பழைய முகவரியும் 301 என்னும் நிரந்தரத் திருப்பல் வழியாக அதற்கு இணையான புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வேலை.

பிற தளங்களின் சுட்டிகளை விலைக்கு வாங்காதீர்கள். கூகுள் வரிசைப்படுத்தும் முறையில் 2012இல் வந்த பென்குவின் மாற்றம் முதலே அது ஆபத்து. நீங்கள் அலங்கரித்த மண்டபம், கூட வேலை செய்த புகைப்படக்காரர், ஒப்பனைக்காரர் ஆகியோரின் தளங்களில் உங்கள் பெயருக்குச் சுட்டி கேளுங்கள். உண்மையான தொடர்பு என்பதால் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

படி 9: திறந்த பிறகு

புதுத் தளம் நிலைபெற மாதங்கள் ஆகும். முதல் இடம் உறுதி என்று யாராவது சொன்னால், அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருப்பதைக் காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலில் தேடற்சொற்களைப் பாருங்கள். நிறையப் பேர் கண்ணில் பட்டும் சிலரே அழுத்தும் பக்கத்துக்கு டைட்டிலை மாற்றி எழுதுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத கேள்வியில் உங்கள் பக்கம் வந்திருந்தால், அதற்கான பதிலை அங்கே ஒரு பத்தியாகச் சேருங்கள். சர்ச் கன்சோலில் பதினாறு மாதத் தரவு இருக்கும். சென்ற தை மாதக் கல்யாணங்களுக்கு எந்த வாரத்தில் தேடல் ஏறத் தொடங்கியது என்பதும் தெரியும். ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் கடை ஓய்ந்திருக்கும்போது அந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு விலைப்பட்டியலைத் திருத்துங்கள், சென்ற பருவத்து மாலைப் படங்களை ஏற்றுங்கள், ஆவணி பிறக்குமுன் எல்லாம் தயாராக இருக்கட்டும்.